டூம்ஸ்டோன் பார்க்கப் போய் பிஸ்பியில் தங்கிவிட்ட கதை

ஆகஸ்ட் 7, வியாழன்: டூசான்

அரிசோனா என்றதும் எல்லோரும் கிராண்ட் கேன்யனுக்கு வடக்கே போவார்கள். நாங்கள் நேர் எதிர்த் திசையில், மெக்சிகோ எல்லை இருக்கும் தெற்கு மூலைக்குக் கிளம்பினோம். சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்து வளர்ந்தவன் நான். ஃபீனிக்ஸில் இருக்கும் அக்கா "எங்கடா போகணும், சொல்லு" என்று கேட்டபோது டூம்ஸ்டோன் என்றுதான் வாயில் வந்தது. பிஸ்பி என்ற பெயரை அதுவரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. மாமாதான் சொன்னார், டூம்ஸ்டோனைத் தாண்டி இன்னும் அரை மணி நேரம் போனால் மலைக்குள் ஒரு பழைய செப்புச் சுரங்க ஊர் இருக்கிறது, அங்கே வெயிலும் குறைவு, வாடகையும் குறைவு, அங்கேயே தங்கலாம் மாப்ள என்று. அந்த ஒரு முடிவால் பயணமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஃபீனிக்ஸில் கிளம்பும்போது 43 டிகிரி. கார் ஸ்டியரிங்கைத் துணி வைத்துத்தான் பிடிக்க முடிந்தது. டூசான் வந்து சேர்ந்தபோது மணி மூன்று, அக்கா கட்டிக் கொண்டுவந்த புளியோதரை வழியிலேயே தீர்ந்திருந்தது.

இரவுச் சாப்பாடு டூசானின் தென்பகுதியில் ஒரு மெக்சிகன் கடையில். யுனெஸ்கோ 2015இல் டூசானை உணவுக்கான நகரமாக அறிவித்தது, அமெரிக்காவில் அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் ஊர் இதுதான். இங்கே மக்காச்சோளத்தைவிட கோதுமை டோர்ட்டியா ரொட்டிக்குத்தான் மதிப்பு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரியம்மா மாவு உருண்டையை எடுத்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றித் தட்டினார். தட்டத் தட்ட அது முழங்கை வரை இறங்கியது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. மதுரைக்காரன் கண்ணுக்கு அது அப்படியே வீச்சு பரோட்டா. அதற்குள் பீன்ஸும் சுட்ட பச்சை மிளகாயும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார்கள், ஒன்று 9 டாலர், ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்த அந்த அம்மா, சூடான வெறும் டோர்ட்டியா ஒன்றில் வெண்ணெய் தடவி நீட்டினார். காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி: டூம்ஸ்டோன்

1877இல் எட் ஷிஃப்லின் என்பவர் தனியாளாக இந்தப் பக்கம் வெள்ளி தேடி வந்தார். அப்பாச்சி பழங்குடிகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். முகாமில் இருந்த சிப்பாய்கள், அங்கே உனக்குக் கிடைக்கப்போவது உன் கல்லறைக் கல்தான் என்று எச்சரித்தார்களாம். வெள்ளி கிடைத்ததும் தன் முதல் சுரங்க உரிமைக்கு டூம்ஸ்டோன், அதாவது கல்லறைக் கல், என்ற அந்தப் பெயரையே வைத்தார், ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது. நான்கைந்து வருடத்துக்குள் நாடகக் கொட்டகை, தேவாலயங்கள், பத்திரிகை, சூதாட்ட விடுதிகள் எல்லாம் வந்துவிட்டன.

இன்று ஊரின் மக்கள்தொகை 1,300 சொச்சம். ஆலன் தெருவில் கார் போகக் கூடாது, இரண்டு பக்கமும் பலகை நடைபாதை, நடுவில் குதிரை வண்டி. நீளக் கறுப்புக் கோட்டும் மீசையுமாக ஆட்கள் அந்த வெயிலில் நின்று காட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கோட்டு முதுகெல்லாம் வேர்வை. அக்கா தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்ததும் தொப்பியைக் கழற்றி, குனிந்து, "மேடம்" என்று வாங்கிக் குடித்தார். அது நடிப்பு மாதிரி தெரியவில்லை.

ஓ.கே. கோரல் என்ற குதிரைக் கொட்டடியின் பெயரில் நடந்ததாகச் சொல்லும் துப்பாக்கிச் சண்டையைப் பற்றி நான் காமிக்ஸில் கற்பனை செய்து வைத்திருந்ததற்கும் நடந்ததற்கும் நிறைய தூரம். 1881 அக்டோபர் 26, மதியம். கோரலுக்குள் கூட இல்லை, அதற்குப் பின்பக்கம் கமிலஸ் ஃப்ளை என்ற போட்டோக்காரரின் ஸ்டுடியோவை ஒட்டி இருந்த ஒடுக்கமான காலி மனையில். ஒரு பக்கம் வர்ஜில், வயட், மோர்கன் என்ற அர்ப் சகோதரர்கள், அவர்களோடு பல் மருத்துவம் படித்த, காசநோய்க்காரரான டாக் ஹாலிடே. மறுபக்கம் கிளான்டன், மெக்லாரி குடும்பத்து ஆட்கள். ஊருக்குள் துப்பாக்கி வைத்துக்கொண்டு திரியக் கூடாது, வந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும் என்று டூம்ஸ்டோனில் சட்டம் இருந்தது. அதை அமல்படுத்தப் போவதாகச் சொல்லித்தான் ஊர்க் காவல் தலைவரான மார்ஷல் வர்ஜில் அர்ப் அங்கே போனார். சுமார் 30 நொடி, 30 குண்டு. பில்லி கிளான்டனும் மெக்லாரி சகோதரர்கள் இருவரும் செத்துப்போனார்கள். அமெரிக்க மேற்கின் மிகப் புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து தொடங்கியது என்பது எனக்குப் புதுச் செய்தி.

அந்த அரை நிமிடத்தை வைத்துத்தான் ஊர் இன்றைக்கும் சாப்பிடுகிறது. தினமும் பல காட்சிகள். வெள்ளி என்னவோ 1880களிலேயே போய்விட்டது. சுமார் 500 அடி ஆழத்தில் தண்ணீர் வந்துவிட்டது, பெரிய பம்புகள் வைத்து இறைத்தார்கள், 1886இல் பம்பு நிலையம் தீப்பிடித்ததோடு பெரிய சுரங்கங்களின் காலம் முடிந்தது. 1929இல் மாவட்டத் தலைநகரும் பிஸ்பிக்குப் போய்விட்டது.

வெயிலுக்கு ஒதுங்கப் போன இடத்தில்தான் ரோஜா மரத்தைப் பார்த்தேன். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு கொம்பை 1885இல் இங்கே நட்டார்கள். இன்று அதன் தண்டு மரம் போல இருக்கிறது. கிளைகளைக் கம்பிப் பந்தலில் பரப்பி முற்றம் முழுக்க விட்டிருக்கிறார்கள். உலகிலேயே பெரிய ரோஜா என்று கின்னஸில் பதிவு. பூப்பது வசந்த காலத்தில், நாங்கள் பார்த்தது வெறும் பச்சை நிழல்தான். ஆனால் அந்த நிழலில் பத்து டிகிரியாவது குறைந்திருக்கும். பாலைவனத்தில், ஒரு வெள்ளி ஊரில், யாரோ வீட்டு நினைவாக வாங்கி நட்ட செடி சுரங்கத்தையெல்லாம் தாண்டி நிற்கிறது. துப்பாக்கிக் காட்சியைவிட எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

ஊருக்கு வெளியே பூட்ஹில் இடுகாடு. நினைவுப் பொருள் கடை வழியாகத்தான் உள்ளே போக முடியும். கற்களைக் குவித்த மேடுகள், மேலே பலகைகள். அங்கே ஜான் ஹீத் என்ற பெயரில் ஒரு பலகை, பிஸ்பிக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கில் போட்டது என்று எழுதியிருந்தது. அன்றிரவு நாங்கள் தங்கப் போகும் ஊர் என்பதால் நின்று முழுக் கதையையும் படித்தேன்.

1883 டிசம்பரில் ஐந்து பேர் பிஸ்பியில் ஒரு கடையைக் கொள்ளையடித்தார்கள். செப்புக் கம்பெனியின் சம்பளப் பணம், சுமார் 7,000 டாலர், அங்கே பெட்டகத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தார்கள். பணம் இன்னும் வந்து சேரவில்லை. வெளியே நடந்த சூட்டில் நான்கு பேர் பலி, அதில் ஒருவர் கர்ப்பிணிப் பெண். ஐந்து பேரும் பிடிபட்டார்கள். திட்டம் போட்டுக் கொடுத்ததாக ஹீத்தையும் பிடித்தார்கள், அவருக்கு மட்டும் தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை. அது பிடிக்காத பிஸ்பி ஆட்கள் 1884 பிப்ரவரி 22 அன்று டூம்ஸ்டோனுக்கு வந்து, சிறையிலிருந்து அவரை இழுத்துப்போய்த் தந்திக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். மற்ற ஐவரையும் அடுத்த மாதம் சட்டப்படித் தூக்கில் போட்டார்கள். ஹீத்தின் சாவுக்கு டாக்டர் ஜார்ஜ் குட்ஃபெல்லோ சொன்ன காரணம், நுரையீரலில் காற்றடைப்பு, அது கழுத்து நெரிபட்டதால் இருக்கலாம், நெரித்தது அவரே ஆகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம் என்பது. ஊரே பார்த்த கொலைக்கு யாரும் பொறுப்பில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

இதே குட்ஃபெல்லோ துப்பாக்கிக் காய அறுவை சிகிச்சையில் அந்தக் காலத்து முன்னோடி. குண்டு பாய்ந்த உடல்களில் பட்டுக் கைக்குட்டை மட்டும் கிழியாமல் குண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருப்பதைக் கவனித்து 1887இல் கட்டுரை எழுதியவர். அவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர் ஹீத் விஷயத்தில் அப்படி எழுதினார் என்பது எனக்குக் கசப்பாகவே இருந்தது.

சாயங்காலம் கிளம்பி மலை ஏறினோம். மியூல் மலைக்குள் ஒரு சுரங்கப்பாதை, அந்தப் பக்கம் வெளியே வந்ததும் பள்ளத்தாக்கில் விளக்குகளோடு பிஸ்பி. உயரம் சுமார் 5,500 அடி. காரிலிருந்து இறங்கியதும் சில்லென்று காற்று. எங்கள் அறை மலைச் சரிவில், தெருவிலிருந்து செங்குத்தான சிமென்ட் படி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதியில் நான் மூச்சு வாங்கி நின்றபோது, நாயோடு இறங்கி வந்த ஒரு பெண்மணி நாயை எங்கள் அக்காவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து மேலே வரை வந்தார். பெயர்கூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, சனி: பிஸ்பி, மண்ணுக்குள்ளே

காலையில் குயின் சுரங்கம். மஞ்சள் மேலங்கி, ஹெல்மெட், கழுத்தில் விளக்கு, கையில் எண் போட்ட பித்தளை வில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை, திரும்பி வரும்போது ஒப்படைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலகையில் ஒரு வில்லை குறைந்தால் ஒரு ஆள் உள்ளேயே இருக்கிறான் என்று அர்த்தம். சின்ன ரயிலில் குதிரை மேல் உட்காருவது போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து 1,500 அடி உள்ளே போனோம். வெளியே 30 டிகிரி, உள்ளே எப்போதும் 8 டிகிரி. அக்கா சால்வை கேட்டது சரிதான்.

கைடு முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இடது காதில் கேட்காது, அதனால் வலது பக்கம் வந்து கேள்வி கேளுங்கள் என்றார். சுவரில் இருந்த துளைகளைக் காட்டி எந்த வரிசையில் வெடி வைப்பார்கள் என்று விளக்கினார். நடுவில் இருப்பது முதலில் வெடித்து வெற்றிடம் உண்டாக்க வேண்டும், சுற்றியுள்ளவை அந்தப் பள்ளத்துக்குள் பாறையைத் தள்ள வேண்டும், கடைசியாக அடியில் இருப்பது வெடித்துக் குவியலை முன்னே எறிய வேண்டும். எத்தனை வெடிச் சத்தம் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்களாம், ஒன்று குறைந்தால் அந்த இடத்துக்குப் போகிறவன் உயிருக்கு ஆபத்து. பழைய துளைக்கருவி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் விடாமல் காய்ந்த பாறையைத் துளைக்கும் கருவி, அதன் தூசி நுரையீரலில் படிந்தே ஆட்கள் செத்தார்கள். அதற்குச் சுரங்கத்தில் விதவையாக்கி என்று பெயர்.

கோவேறு கழுதைகள் வருடக் கணக்கில் உள்ளேயே இருந்து வண்டி இழுத்திருக்கின்றன. நான்கு வண்டி இழுக்கப் பழகிய கழுதை, கொக்கி மாட்டும் சத்தத்தை எண்ணி, ஐந்தாவது சத்தம் கேட்டால் நகராதாம். அதன் பிடிவாதத்தை வாய் நிறையப் பாராட்டினார் கைடு. அப்புறம் ஒரு மூலையில் தண்டவாளத்தில் நின்ற இரும்பு வண்டியைக் காட்டினார், மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, ஒவ்வொன்றிலும் ஓட்டை. சுரங்கத்துக் கழிப்பறை அது. அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்வதும் ஒரு ஆளின் வேலை. இருட்டில், எட்டு டிகிரி குளிரில், பக்கத்தில் இன்னொருவனோடு தோள் உரச உட்கார்ந்து வேலை நேரம் முழுக்க உள்ளேயே கழித்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் எல்லோர் விளக்கையும் அணைக்கச் சொன்னார். என் கை எனக்கே தெரியவில்லை.

1880 முதல் 1975 வரை இந்த மலையிலிருந்து சுமார் 800 கோடி பவுண்டு செம்பு எடுத்திருக்கிறார்கள். இங்கே சுரங்க உரிமையை முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் வாரனின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1877இல் ஜாக் டன் என்ற ராணுவச் சாரணர் இங்கே தாதுவைக் கண்டுபிடித்தார். பணி காரணமாக அவரால் தங்க முடியவில்லை, வாரனுக்குச் செலவுக்குக் கொடுத்து, கிடைப்பதில் பங்கு என்று பேசி அனுப்பினார். வாரன் வழியில் குடித்துவிட்டு, வேறு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, டன்னை விட்டுவிட்டுப் பதிவு செய்தார். பிறகு 1880இல், குதிரையில் வருகிறவனை என்னால் ஓடியே ஜெயிக்க முடியும் என்று பந்தயம் கட்டி, காப்பர் குயின் சுரங்கத்தில் தனக்கிருந்த ஒன்பதில் ஒரு பங்கை வைத்து இழந்தார். குறுகிய தூரத்தில் கம்பத்தைச் சுற்றித் திரும்புவதில் மனிதன்தான் வேகம் என்பது அவர் கணக்கு. அந்தப் பங்கு பின்னாளில் கோடிகளுக்குப் போயிற்று, அவர் ஏழையாகவே செத்தார். அரிசோனா மாநில முத்திரையில் மண்வெட்டியோடு நிற்கும் சுரங்கத் தொழிலாளி உருவம் இவருடைய போட்டோவிலிருந்து வரைந்தது. போட்டோ எடுத்தவர், ஓ.கே. கோரல் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த அதே ஃப்ளை.

மதியம் லேவண்டர் குழியைப் பார்த்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பி வேலி, அதில் முகத்தை வைத்தால் கீழே 900 அடி. சிவப்பு, ஊதா, துரு, வெள்ளை என்று படிப்படியாக இறங்குகிறது. வண்ணத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஹாரிசன் லேவண்டர் என்ற கம்பெனி அதிகாரியின் பெயர். 1950களின் தொடக்கத்திலிருந்து 1974 வரை தோண்டியதில் மலை மட்டும் இல்லை, பக்கத்தில் குடியிருப்புகளும் போய்விட்டன. லோவெல் என்ற ஊரில் மிச்சம் ஒரு தெரு. அங்கே பழைய கார்களைக் கடை வாசலில் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அருங்காட்சியகம். இங்கே செப்புச் சுரங்கம் நடத்திய ஃபெல்ப்ஸ் டாட்ஜ் கம்பெனியின் 1897ஆம் வருடத்துத் தலைமை அலுவலகக் கட்டடம். தாதுக் கற்கள், துளைக்கருவிகள் எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு போட்டோ முன்னால் நின்றுவிட்டேன். தொப்பி போட்ட ஆட்கள் நீள வரிசையாக நிற்கிறார்கள், பக்கத்தில் துப்பாக்கியோடு வேறு ஆட்கள், பின்னால் சரக்கு ரயில் பெட்டிகள். 1917 ஜூலை 12.

முதல் உலகப் போர் காலம். செம்பு விலை உச்சத்தில். அந்த ஜூனில் பிஸ்பித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்கக் கூடாது, துளைக்கருவிக்கு இரண்டு ஆள் வேண்டும், செம்பு விலையோடு ஏறி இறங்கும் சம்பளத்துக்குப் பதில் நிலையான தினக்கூலி வேண்டும் என்பவை அவர்கள் கேட்டதில் சில. காலையில் கைடு காட்டிய அதே கருவி, அதே வெடி. கம்பெனியும் ஷெரிஃப் ஹாரி வீலரும் சேர்ந்து சுமார் 2,000 ஊர்க்காரர்களுக்கு ஆயுதம் கொடுத்து, கையில் வெள்ளைத் துணி கட்டச் சொல்லி, விடியும் முன்னே வீடு வீடாக அனுப்பினார்கள். வேலைநிறுத்தக்காரர்கள் மட்டுமல்ல, அவர்களுக்கு ஆதரவு என்று சந்தேகப்பட்ட கடைக்காரர்களையும் இழுத்து வந்தார்கள். அன்று இரண்டு உயிர் போயிற்று, கதவைத் தட்டப் போன ஒருவரும் கதவைத் திறக்க மறுத்த ஒருவரும். தந்தியும் தொலைபேசியும் கம்பெனி கட்டுப்பாட்டில்.

எல்லோரையும் வாரன் பேஸ்பால் மைதானத்துக்கு நடத்திப் போய், வேலைக்குத் திரும்புகிறாயா என்று கேட்டார்கள். சரி என்றவர்களை விட்டுவிட்டார்கள். மாட்டேன் என்ற 1,186 பேரை 23 ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். மாடு ஏற்றும் பெட்டிகள், சாணி அள்ளாமல் கிடந்தவை. 16 மணி நேரம், சாப்பாடு இல்லை, தண்ணீர் அரிது, ஜூலை மாதத்துப் பாலைவனம். நியூ மெக்சிகோவின் கொலம்பஸில் இறக்க விடவில்லை, ரயிலைத் திருப்பி ஹெர்மானாஸ் என்ற பொட்டல் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ராணுவம்தான் வந்து அவர்களைக் கொலம்பஸ் முகாமில் கூடாரம் போட்டு செப்டம்பர் வரை வைத்திருந்தது. பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த குடியேறிகள். ஜனாதிபதி வில்சன் அமைத்த குழு இது முழுக்கச் சட்டவிரோதம் என்றது. ஆனால் ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஆள் கடத்தல் மாநில விவகாரம், மத்திய அரசு தலையிட முடியாது என்று 1920இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநில நீதிமன்றத்தில் நடந்த ஒரே வழக்கில் ஜூரி விடுதலை செய்துவிட்டது.

ஹீத்தின் சாவுக்கு எழுதின அந்த வாசகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. முப்பத்து மூன்று வருடம் கழித்து அதே மாவட்டம், இந்த முறை 1,186 பேர். டூம்ஸ்டோனில் மூன்று பேர் செத்ததை உலகமே அறியும். இதை எனக்கு எந்த காமிக்ஸும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு: படிகள், மழை, மைதானம்

நேற்று படித்ததால் சரியாகத் தூக்கம் இல்லை. காலை ஆறு மணிக்குப் படி ஏறப் போனேன். ஊர் முழுக்கப் படிகள்தான். 1930களின் வேலையின்மைக் காலத்தில் அரசாங்க வேலைத் திட்டத்தில் கட்டியவை, சில படிகளில் அந்தத் திட்டத்தின் எழுத்து பதிந்திருக்கிறது. அக்டோபரில் ஆயிரம் படி ஏறும் ஓட்டப் போட்டி நடக்கிறது. மலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மர வீடுகள், ஊதா, மஞ்சள், கிளிப்பச்சை வர்ணம். 1975இல் சுரங்கம் மூடியதும் வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போயின, ஓவியர்களும் ஹிப்பிகளும் வந்து வாங்கினார்கள். ஒரு வேலி முழுக்க உடைந்த பீங்கான் தட்டுகளைப் பதித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வீட்டுக்காரத் தாத்தா ஜன்னல் வழியாக, "உள்ளே வந்தும் பார்க்கலாம், கதவு திறந்துதான் இருக்கிறது" என்று குரல் கொடுத்தார்.

பத்து மணிக்கு ப்ரூவரி கல்ச் பக்கம் ஒரு காபிக் கடை. காபி 5 டாலர், ஆப்பிள் பை ஒரு துண்டு 7 டாலர், அது மூன்று பேருக்குப் போதும். கடைக்காரப் பெண்ணிடம் அந்த ரயிலைப் பற்றிக் கேட்டேன். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைத் துணி கட்டியவர்களில் ஒருவராம். "எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பாட்டி சாகும் முன் ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான்" என்றார். பல வருடம் ஊரே பேசாமல் இருந்தது, 2017இல் நூறு வருடம் ஆனபோதுதான் ஊர்க்காரர்களே இரண்டு பக்கமும் வேஷம் கட்டி அந்த நாளைத் தெருவில் நடித்துக் காட்டினார்களாம். அன்று துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் சிலர் அழுதார்கள் என்று சொல்லும்போது இவர் குரலும் இறங்கியது.

பேசிக்கொண்டிருக்கும்போதே இருட்டிக்கொண்டு வந்தது. இங்கே ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை. பத்தே நிமிடத்தில் தெருவே ஓடையாகிவிட்டது. மழைக்கோட்டு போட்ட ஒருவர் கடை கடையாகத் தலையை நீட்டி, "வெள்ளை டொயோட்டா யாருடையது, தண்ணீர் வருகிறது, மேலே ஏற்றுங்கள்" என்று கத்தினார். எங்களுடையதுதான். மாமா முழங்கால் தண்ணீரில் ஓடினார், அந்த ஆளே முன்னால் நடந்து மேட்டுத் தெருவில் இடம் காட்டினார். சக்கரத்தில் பாதி வரை சேறு, மிதியடி நனைந்து நாறியது, அதோடு போயிற்று. செம்பு உருக்கும் உலைக்காக மலையில் இருந்த மரங்களை எல்லாம் வெட்டி எரித்தார்கள், மிச்சத்தை உலையின் கந்தகப் புகை கருக்கியது, அதனால் மழை பெய்தால் பிடித்து வைக்க மலையில் ஒன்றும் இல்லாமல் போனது. 1904இல் உலை டக்ளஸ் ஊருக்கு மாறியது. வெள்ளத்துக்காகத் தெருவுக்கு அடியில் பெரிய கால்வாயே கட்டினார்கள். கடைக்காரப் பெண் வாசலில் மணல் மூட்டையைத் தள்ளிக்கொண்டே இதையெல்லாம் சொன்னார்.

மழை விட்டதும் க்ரியோசோட் புதரின் வாசனை கிளம்பியது. பாலைவனத்து மழை வாசனை அது, மண்வாசனையோடு கொஞ்சம் தார், கொஞ்சம் மருந்து. வாரன் மைதானத்துக்குப் போனோம். 1909இல் கட்டியது, அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் மைதானங்களைவிடப் பழசு. கேட் பூட்டியிருந்தது, வேலி வழியாகத்தான் பார்த்தோம். மண்சுவர், மரக் கூரை போட்ட இருக்கைகள், தண்ணீர் தேங்கிய மைதானம். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஆயிரம் பேரை இங்கயா நிறுத்தி வச்சாங்க? பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் எங்க நின்னுருப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மாமா, ஒரு வார்த்தை சரி என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாமே மாப்ள, அவ்வளவு பேர் சொல்லவில்லையே என்றார். எனக்கும் அதுதான் இந்த ஊரின் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. டூம்ஸ்டோனில் சிலை வைத்துக் கொண்டாடுகிற எந்தத் துப்பாக்கிக்காரனையும்விட, பெயர் தெரியாத அந்த 1,186 பேரின் துணிச்சலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரவு சாப்பாடு கிடைப்பது பாடாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பல சமையலறைகள் சீக்கிரம் மூடிவிடுகின்றன. கடைசியில் பெட்ரோல் பங்கில் கிடைத்த பிரெட், அக்கா கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய், தயிர்.

ஆகஸ்ட் 11, திங்கள்: திரும்பும் வழி

டூம்ஸ்டோன் தாண்டி நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி. போகிற எல்லாக் காரையும் நிறுத்துகிறார்கள். அதிகாரி இளைஞர், மரியாதையாக எந்த நாட்டுக் குடிமக்கள் என்று கேட்டார். என் பாஸ்போர்ட்டை வாங்கி விசாவைப் பார்த்துவிட்டு, பிஸ்பி பிடித்ததா என்றார். பிடித்தது என்றேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆனாலும் அவர் பாஸ்போர்ட்டைப் பிரித்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவளும் முந்தாநாள் அருங்காட்சியகத்தில் அந்த போட்டோவைப் பார்த்தவள்தான்.

ஃபீனிக்ஸ் 44 டிகிரி.

போகிறவர்களுக்கு: டூம்ஸ்டோனுக்கு அரை நாள் போதும், ரோஜா மரத்தைத் தவறவிடாதீர்கள். பிஸ்பியில் இரண்டு இரவாவது தங்குங்கள். சுரங்கத்துக்குள் போகக் கம்பளிச் சட்டை, படிகளுக்கு நல்ல ஷூ, ஆகஸ்டில் போனால் காரை மேட்டில் நிறுத்துங்கள். அருங்காட்சியகத்தை முடித்த பிறகு வாரன் மைதானத்துக்குப் போங்கள். எங்கள் பயணத்தில் விட்டுப்போனது கொலம்பஸ். பிஸ்பியிலிருந்து மூன்று மணி நேரம் என்கிறார் மாமா. அடுத்த முறை ஹெர்மானாஸ் வழியாக அங்கே போவதாக முடிவு செய்திருக்கிறோம், வெயில் இறங்கிய பிறகு, டிசம்பரில்.